311-இலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பி,

2147483647 பகா எண்தான் என்று உன் நிரல் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். 3, 5, 7 என்று 46,340 வரை ஒற்றைப்படை எண் ஒன்று விடாமல் வகுக்கச் சொல்லியிருக்கிறாய். கணினிக்கு அலுப்புத் தட்டாது. உனக்குத் தட்டியிருக்க வேண்டும்.

2-ஐ 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது. 32 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண்ணும் இதுவே. ஒன்று கூட்டினால் பல நிரல்களில் சட்டென்று மைனஸுக்குத் தாவும். அந்தப் பிழையில் நீயும் ஒருநாள் மாட்டியிருப்பாய்.

கணினியே இல்லாத 1772-இல் இதைப் பகா எண் என்று நிறுவியவர் ஆய்லர். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார்; கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. 46,340-க்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. அவருக்குச் சோதிக்க வேண்டியிருந்தவை 84 மட்டுமே. மற்றவற்றை அவர் தொடவே இல்லை.

எப்படி? q என்ற பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள். அப்படியானால் 2-இன் அடுக்குகளை q-ஆல் வகுத்துக்கொண்டே போகும்போது 31-ஆவது அடுக்கில் மீதி 1 வரும். ஃபெர்மா சொன்னபடி (q−1)-ஆவது அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும். 31 பகா எண் என்பதால், q−1 அதன் மடங்காக இருந்தால்தான் இரண்டும் ஒத்துவரும். q ஒற்றைப்படை, ஆகவே q−1 என்பது 62-இன் மடங்கு. இன்னொன்று: 32-ஆவது அடுக்கின் மீதி 2. அந்த அடுக்கு 16-ஆவது அடுக்கின் வர்க்கம். ஒரு வர்க்கம் மீதி 2 தர வேண்டுமானால் q-ஐ 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது சல்லடைதான் அதிகம் பிடிக்கும்.

இரண்டிலும் சலித்தால் 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மிஞ்சும் எண்கள் மட்டும் தங்கும். 63, 249 இரண்டும் 3-ஆல் வகுபடும், தள்ளு. முதலில் நிற்பது 311. காகிதத்தில் வகுத்துப் பார்: ஈவு 6905092, மீதி 35. இன்னும் 83 பாக்கி.

சலித்துத் தங்கியதெல்லாம் காரணி ஆகிவிடாது. காரணி இருந்தால் தங்கியவற்றில்தான் இருக்கும், அவ்வளவே. 2-இன் 11-ஆவது அடுக்கில் ஒன்று குறைந்த 2047-ஐ எடுத்துக்கொள். அங்கே 22-இன் மடங்கோடு ஒன்று கூட்ட வேண்டும். முதல் எண் 23. அதுவே வகுத்துவிடுகிறது, ஈவு 89.

கல்லூரியில் படித்தபோது 8191-ஐ 3 முதல் 89 வரை 23 பகா எண்களாலும் வகுத்து நோட்டில் இரண்டு பக்கம் நிரப்பினேன். அது 2-இன் 13-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. உனக்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். எந்த எண்ணால் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. நிரலைத் திறக்காதே.

அன்புடன்,
அண்ணன்