சிறு நிரலுக்கேற்ற சேமிப்பு முறை

பொருளைத் தேடுதல் ஒரு திறம். தேடியதைக் காத்தல் மற்றொரு திறம். கணினி நிரல் எழுதுவார்க்கும் இவ்விரண்டும் வேண்டும். சிறு நிரலொன்றின் தரவினை எங்ஙனம் சேமித்தல் தகும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சார்பு நிரலாக்கமாவது யாதெனின், கொடுத்த தரவை மாற்றாது, அதனினின்றும் புதியதொன்றை ஆக்கித்தரும் சார்புகளால் நிரலை அமைப்பதாம். 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாஸ்கெல் மொழி இதற்குத் தக்க சான்று. கோப்பில் எழுதுதலோ பழையதை அழித்துப் புதியதைப் பதிக்கும் செயலாகும். ஆகலின், அதனை நிரலெங்கும் பரவவிடாது, தரவை ஏற்றுதல், பதித்தல் என்னும் இரு செயல்களுள் அடக்கி, ஏனைய சார்புகளைத் தூயனவாக வைத்தல் நன்று. பின்னர்ச் சேமிப்பு முறையை மாற்றினும் பெரும்பாலும் அவ்விரண்டையே திருத்தல் அமையும்.

நிற்க. குறுந்தொகையின் 401 செய்யுட்களுக்கும் சொல்லடைவொன்று தொகுக்க எண்ணி, யான் ஹாஸ்கெலில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். தரவை ஓர் உரைக்கோப்பில் வைத்தேன். தரவை எழுத்தாக்குதற்கு 'ஷோ' என்னும் சார்பும், எழுத்தை மீண்டும் தரவாக்குதற்கு 'ரீட்' என்னும் சார்பும் அம்மொழியிலேயே உள. ஆயின் 'ஷோ' தமிழெழுத்தை எண்ணாக்கி வைக்கும். அகரம் 2949 என நிற்கும். நிரல் அதனைப் படிக்கும். மனிதர் படித்தல் அரிது. ஆதலின், வரிக்கொரு சொல்லாக நேரே எழுதும்படி மாற்றினேன்.

212-ஆம் செய்யுள்காறும் முடித்த ஒரு மாலையில், கோப்பு எழுதப்படுங்கால் மின்சாரம் நின்றது. மீண்டும் திறந்தபோது கோப்பு வெறுமையாய்க் கிடந்தது. இரு திங்கள் உழைப்பு ஒழிந்தது. பிழை என்னுடையதே. எழுதுதற்குத் திறந்த அளவிலே பழைய உள்ளடக்கம் நீங்கிவிடும் என்பதை எண்ணினேனல்லேன், படியொன்றும் எடுத்துவைத்திலேன்.

இதற்குப் பரிகாரம் எளிது. புதியதை வேறொரு பெயரில் எழுதி, அது வட்டில் பதிந்தமையை உறுதிசெய்து, பின்னர்ப் பழைய கோப்பின் பெயரை அதற்கு இடுக. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒரே கோப்பமைப்பினுள் இப்பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாய் நிகழும். ஆகவே, பழையதேனும் புதியதேனும் முழுமையாய் எஞ்சும்.

அற்றேல், உரைக்கோப்பே எஞ்ஞான்றும் போதுமோ எனின், போதாது. தரவு பெருகின், ஒரு சொல்லைத் திருத்துதற்கும் கோப்பு முழுவதையும் மீண்டும் எழுதல் வேண்டும். இருவர் ஒருங்கே எழுதின், ஒருவர் எழுதியது மறைதலும் கூடும். அந்நிலையில், 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் என்பார் தோற்றுவித்த எஸ்கியூலைட் ஏற்றது. அதற்குத் தனி சர்வர் வேண்டுவதில்லை. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். ஒரு மாற்றம் முற்றும் பதியும். அன்றேல் சிறிதும் பதியாது.

எனவே, இத்தகைய பணியைத் தொடங்கும் மாணவ நண்பர்கள் மூன்று வினாக்களை முதற்கண் கேட்பாராக. தரவு எவ்வளவு? எழுதுவார் எத்துணையர்? இடையே தடைப்படின் எஞ்சுவது யாது? முன்னிரண்டிற்கும் உரைக்கோப்பே போதும் என யான் சரியாகவே துணிந்தேன், மூன்றாவதைக் கேளாதொழிந்தேன். இன்று முதற் செய்யுளினின்றும் மீண்டும் தொகுத்து வருகின்றேன்; உரைக்கோப்பிலேயே, ஆயின் மேற்கூறிய காப்புடன்.