வெண்கலம், வெள்ளி, தங்கம்: மதிப்பெண்ணுக்கு வெளியே ஒரு விருது

கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் தமிழ்க் குடும்பங்களிலும் முதலில் எழும் கேள்வி "எத்தனை ஏ பிளஸ்?" என்பதுதான். மறுநாளே ஊர் முக்கில் பிள்ளையின் படத்தோடு பிளெக்ஸ் வந்துவிடும். நல்லதுதான், படித்த பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வயதில், வாரம் தவறாமல் ஒரு படுக்கை நோயாளியின் வீட்டுக்குப் போய் வந்த பெண்ணுக்கு யாரும் பிளெக்ஸ் வைப்பதில்லை. அந்த உழைப்பையும் கணக்கில் எடுத்து, குறித்து வைத்து, சான்று வழங்கும் முறை ஒன்று 1956 முதல் உலகில் நடந்து வருகிறது. அதைப் பற்றியும், அதற்கு இணையாக நம் ஊர்ப் பள்ளிகளிலேயே கிடைப்பவை பற்றியும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

எடின்பரோ கோமகன் விருது என்று அதற்குப் பெயர். இங்கிலாந்து அரசியின் கணவர் இளவரசர் பிலிப் தொடங்கியதால் அப்பெயர் வந்தது. ஆனால் யோசனைக்கு மூலகர்த்தா குர்ட் ஹான் என்ற ஜெர்மானிய ஆசிரியர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933ல் சிறை சென்று, பின் பிரிட்டனுக்கு வந்து, 1934ல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் என்ற பள்ளியைத் தொடங்கினார். பிலிப் அங்கே ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர். இளைஞர்களிடம் உடல்வலுவும், தானாக முன்வரும் குணமும், பிறர்பால் இரக்கமும் குறைந்து வருகின்றன என்பது ஹானின் கவலை. (இன்றைக்குக் கைப்பேசியைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) விருதின் முதல் இயக்குநராக வந்தவர் ஜான் ஹண்ட், 1953ல் எவரெஸ்ட் சிகரத்தை வென்ற குழுவின் தலைவர். முதலில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது. 1958ல் பெண்களுக்கும் வந்தது. இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. இந்தியாவுக்கு 1960களிலேயே வந்துவிட்டது.

இதில் போட்டி இல்லை, ரேங்க் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்தால் நாற்பது பேருக்கும் கிடைக்கலாம். பிள்ளை தன் நேற்றைய அளவோடு மட்டுமே போட்டியிடுகிறான். வயது 14 முதல் 24 வரை. வெண்கலத்துக்கு 14, வெள்ளிக்கு 15, தங்கத்துக்கு 16 நிறைந்திருக்க வேண்டும். 25ஆம் பிறந்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும். படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன பிள்ளைக்கும் கதவு சாத்தப்படவில்லை என்பதைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும்.

சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என நான்கு பிரிவுகள். தங்கத்துக்கு மட்டும் ஐந்தாவதாக, பழக்கமில்லாதவர்களோடு ஐந்து நாள் நான்கு இரவு தங்கிச் செய்யும் பணி ஒன்று உண்டு. முதல் மூன்று பிரிவுகளுக்கும் வாரம் ஒரு மணி நேரம் வீதம் கணக்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினியருக்கு எண்ணில்லாமல் புரியாது. வெண்கலத்துக்கு ஒவ்வொரு பிரிவிலும் மூன்று மாதம், அதாவது 13 வாரம், 13 மணி நேரம். மூன்று பிரிவுக்கு 39. இவற்றில் ஏதாவது ஒன்றை இன்னும் மூன்று மாதம் நீட்ட வேண்டும். ஆக 52 மணி நேரம். அரை வருடத்தில் 52 மணி! ஒரு பிள்ளை தொலைக்காட்சிக்கு முன் ஒரு மாதத்தில் உட்காரும் நேரத்தைவிட இது குறைவாகவே இருக்கும். நேரடியாகத் தங்கத்தில் சேர்ந்தால் பிரிவுக்கு ஒரு வருடம், ஒன்று மட்டும் ஒன்றரை வருடம். 182 மணி நேரம். ஆனால் 13 மணி நேரத்தை ஒரு சனி, ஞாயிறில் செய்து முடித்துவிட்டேன் என்றால் செல்லாது. நேரத்தைவிட இடைவிடாமையே முக்கியம். தண்டவாளத்தில் கீமேன் தினமும் தன் பீட் முழுக்க நடந்து சாவிகளைப் பார்ப்பதால்தான் ரயில் ஓடுகிறது. ஒரே நாளில் ஏழு தடவை நடந்துவிட்டு வாரம் முழுக்கப் படுத்துக்கொள்ள முடியுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறையில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் வெண்கலத்துக்கு முனைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சேவைக்கு என்ன செய்வாள்? கோவில் வாசலைப் பெருக்குவதும் சேவைதான். ஆனால் இந்த எல்லைப் பகுதியில் வேறு யாரும் எளிதில் செய்ய முடியாத சேவை ஒன்று அவள் கையில் இருக்கிறது. சித்தூர் தாலுகாவிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர்கள் ஏராளம். பஞ்சாயத்திலிருந்து வரும் நோட்டீஸ் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒரு நோட்டீஸ் புரியாமல் பென்ஷன் நின்றுபோன பாட்டிக்கு அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு தெரியும். இல்லையென்றால் பாலியேட்டிவ் குழுவோடு போகலாம். 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சேவை இன்று கேரளத்தின் பஞ்சாயத்துகள் தோறும் வீட்டுக்கே வருகிறது; சிறுவர்கள் பெரியவர்களின் துணையோடு போய் நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தாலே அது பெரிய உதவி.

திறன் பிரிவுக்கு அதே பெண் மலையாள எழுத்தைப் பிழையற எழுதப் பழகலாம். சேவைக்கும் அது கைகொடுக்கும். வீட்டில் மலையாளச் சூழலிலேயே வளர்ந்து தமிழ் எழுதவே வராத பிள்ளைகள் தமிழைக் கற்கலாம். தையல், செண்டை, சைக்கிள் ரிப்பேர், எதுவானாலும் சரி. உடற்பயிற்சிக்கு ஓட்டமோ கபடியோ போதும். பாட நேரத்துக்கு வெளியே செய்ய வேண்டும், சேவைக்குக் கூலி வாங்கக் கூடாது, மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடுபவர் அப்பா அம்மாவாகவோ சொந்தக்காரராகவோ இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. தான் போட்ட வேலையைத் தானே அளந்து பில் எழுதும் கான்ட்ராக்டரை எந்த ரயில்வே ஏற்றுக்கொள்ளும்?

குறிப்பேடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கோட்டைவிடும் இடம் அதுதான். முன்பு காகிதப் புத்தகம் இருந்தது, இப்போது பதிவு இணைய வழியில். எதில் எழுதினாலும் எழுதும் விதம் ஒன்றே. "இன்று சேவை செய்தேன். மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதுவதால் பயனில்லை. இப்படி எழுதலாம்: "ஜூலை 12, மாலை 4 முதல் 5 வரை. எதிர்வீட்டுப் பாட்டிக்கு வந்த பென்ஷன் மஸ்டரிங் நோட்டீஸைப் படித்துச் சொன்னேன். ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு அட்சயா மையத்துக்குப் போகவேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம்: போனாரா என்று கேட்க வேண்டும்." என்ன நடந்தது, எவ்வளவு நேரம், மிச்சம் என்ன, மூன்றும் இதில் இருக்கின்றன. ரயில்வேயில் மெஷர்மென்ட் புக் என்று ஒன்று உண்டு. பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும். கிழிக்கக் கூடாது, அழித்து எழுதக் கூடாது. தப்பானால் கோடிட்டு அருகில் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகள் முதலில் ஒரு சாதாரண நோட்டில் இந்த ஒழுங்கோடு எழுதிப் பழகட்டும். போகாத வாரத்தில் "போகவில்லை" என்றே எழுதட்டும். அப்படி எழுதிய நோட்டைத்தான் நான் நம்புவேன்.

நான்காவது பிரிவான சாகசப் பயணம் பெற்றோரைப் பயமுறுத்துவது. வெண்கலத்துக்கு இரண்டு நாள் ஒரு இரவு. வெள்ளிக்கு மூன்று நாள் இரண்டு இரவு. தங்கத்துக்கு நான்கு நாள் மூன்று இரவு. வெண்கலத்தில் நாளொன்றுக்குச் சராசரி ஆறு மணி நேர முயற்சி. நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழு. முன்கூட்டியே பயிற்சி, ஒரு முன்னோட்டப் பயணம், பொறுப்பான ஒரு மேற்பார்வையாளர், இவை கட்டாயம். ஏன் கட்டாயம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நம் எல்லை மலையிலேயே பதில் இருக்கிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காய்ந்த புல்லில் பிடித்த காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்த இளைஞர்கள் சிக்கினர். 23 உயிர்கள் போயின. கோடையில் வனத்துறை அனுமதியின்றி யார் கூப்பிட்டாலும் மலையேற அனுப்பாதீர்கள். வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடங்களும் அப்படியே.

சாகசம் என்றால் மலை உச்சிதான் என்றில்லை. ஒன்றைத் தேடி ஆராயும் பயணத்தையும் விருது ஏற்கிறது. சித்தூர்ப் பிள்ளைகள் தங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வழியை நடந்தே பார்க்கலாம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29ல் கையெழுத்தாகி, 1958லிருந்து அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மணக்கடவில் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்பது அதன் கணக்கு. மூலத்தரை ரெகுலேட்டரிலிருந்து கால்வாய் ஓரமாக இரண்டு நாள் நடந்து, மடை மடையாகக் குறித்து, விவசாயிகளிடம் கேட்டு வரைபடம் போட்டால் அதைவிட நல்ல ஆராய்ச்சி வேறில்லை.

மூணாறுப் பிள்ளைகளுக்கு என்னுடைய சிபாரிசு குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். ஆம், மூணாறில் ரயில் ஓடியது! 1902ல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908ல் இரண்டடி அகல நாரோ கேஜாக மாறி, டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்றது. 1924 வெள்ளத்தில் அடியோடு போனது; மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று முதியவர்கள் சொல்வது அதைத்தான். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு அந்தப் பாதையின் எச்சங்களைத் தேடிப் போகும் குழு எதுவானாலும் இந்தக் கிழவனும் கூட வரத் தயார்.

விருதின் தொடக்க கால நான்கு பிரிவுகளில் ஒன்றின் பெயர் மீட்பும் பொதுச்சேவையும். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெட்டிமுடி நினைவுக்கு வரும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை சரிந்தது. 70 பேரை இழந்தோம். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த நம் மக்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. செய்தி வெளியே எட்ட மறுநாள் காலையாகிவிட்டது. அந்த மணி நேரங்களில் மண்ணைக் கையால் தோண்டியவர்கள் எஞ்சியிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். மலையிலும் ஆற்றோரத்திலும் வாழும் நமக்கு உதவிக்கு முதலில் வருபவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருக்கு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடத் தெரியுமா, ரத்தப் போக்கை நிறுத்தத் தெரியுமா, கயிற்றில் சரியான முடிச்சுப் போடத் தெரியுமா? ஒவ்வொரு லயத்திலும் இது தெரிந்த இரண்டு பிள்ளைகள் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். முதலுதவி கற்பது இந்த விருதில் சேர்த்தி. ரயில்வேயில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பயிற்சியை எங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். இளவயதில் கற்ற கட்டு இப்போதும் கை மறக்கவில்லை.

செலவு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்விருதை அனுமதி பெற்ற மையம் வழியாகத்தான் செய்ய முடியும். பதிவுக் கட்டணம் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளே இதில் முன்னிற்கின்றன. எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது எட்டாது என்று வருந்த வேண்டாம். சாரணர் இயக்கம் இருக்கிறது. 1950 நவம்பர் 7ல் உருவான பாரத சாரண சாரணியர் அமைப்பில் பிரவேசம், அதன்பின் மூன்று சோபானங்கள், பிறகு ஆளுநர் தரும் ராஜ்ய புரஸ்கார், கடைசியாகக் குடியரசுத் தலைவரின் ராஷ்டிரபதி விருது. சோபானம் என்றால் படி. கேரளக் கோவிலில் கருவறைக்கு முன்னால் இருப்பது. ரயில்வே ஊழியர் பிள்ளைகளுக்கு அந்தந்த ரயில்வே மண்டலமே தனி மாநிலச் சங்கம் போல இயங்குகிறது. மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும் 1969ல் தொடங்கிய என்.எஸ்.எஸ். உண்டு: இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். கேரளத்தில் 2010 ஆகஸ்ட் 2ல் 127 பள்ளிகளில் தொடங்கிய ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் திட்டமும் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது. பெயரும் சீருடையும் வேறு. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. மேலே சொன்ன நோட்டுப் புத்தக முறையை எதற்கும் பயன்படுத்தலாம்.

"சார், இதுக்கெல்லாம் கிரேஸ் மார்க் உண்டுங்களா?" என்று கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. சாரணர், கேடட் போன்றவற்றுக்குக் கேரளத்தில் உண்டு. ஆனால் அளவும் விதியும் அடிக்கடி மாறும். கோவிட் காலத்தில், 2021ல், வழங்கப்படவே இல்லை. மார்க்குக்காகவே சேர்ந்த பிள்ளைகள் அந்த வருடம் என்ன நினைத்திருப்பார்கள்? மார்க் வந்தால் வரட்டும்; அதை வரவுக் கணக்கில் முன்கூட்டியே எழுத வேண்டாம்.

தொடங்குவதற்கு ஏற்ற மாதம் ஜூன். பள்ளி திறந்த முதல் வாரமே சாரணர் ஆசிரியரையோ என்.எஸ்.எஸ். பொறுப்பாளரையோ பார்த்துப் பெயர் கொடுத்துவிடுங்கள், இடங்கள் குறைவு. 26 வாரக் கணக்கு ஜூனில் தொடங்கினால் கிறிஸ்துமஸ் பரீட்சைக்குச் சற்று முன் முடியும். ஓணப் பரீட்சை வாரத்தில் தடைபட்டாலும் ஈடுகட்ட இடம் இருக்கும். பயணத்தை மட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழையில் வைக்காதீர்கள். முன்னோட்டத்தைப் பூஜை விடுமுறையிலும் பயணத்தைக் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் வைத்தால் மழையும் விட்டிருக்கும், புல்லும் காய்ந்திருக்காது.