வெயிலின் வரவு செலவு
சிறு தொழில்களுக்குச் சூரிய மின்சாரம் - சங்கக் கூட்டங்களில் வாசித்துப் பேசுவதற்கான பாடம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் எமது முன்னோர் சூரியனை வைத்தே பெயரிட்டார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நெல் காயவைப்பதும் கருவாடு போடுவதும் வெயிலில்தான் என்பதால் வெயிலைப் பற்றி எவரும் எமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயிலைக் கொண்டு ஒரு மோட்டரை ஓட்டினால் மாதம் எவ்வளவு பணம் மிஞ்சும், எவ்வளவு கடன் ஏறும் என்று கேட்டால் எம்மிற் பலரிடம் பதில் இல்லை. விற்க வருபவர் ஒரு கணக்குச் சொல்வார். அவர் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆனால் அது அவருடைய கணக்கு. எமது கணக்கை நாமே போட வேண்டும். இப்பாடத்தில் அதையே செய்யப் பார்ப்போம்.

சூரிய மின்சாரம் எமது பகுதிக்கு முற்றிலும் புதியதல்ல. யானை வேலிக்கு மின் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சூரியத் தகடும் ஒரு பற்றறியும்தான். வேலி ஏன் செயலிழக்கிறது என்பதும் எமக்குத் தெரியும். அநேகமாகத் தகடு பழுதாவதில்லை. பற்றறி செத்திருக்கும், அல்லது கம்பியில் புல் ஏறியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

இலங்கையில் மின்கம்பி எட்டாத கிராமங்களுக்கு, 1997 இல் தொடங்கிய உலக வங்கித் திட்டமொன்றின் கீழ் வீட்டுச் சூரியத் தொகுதிகள் கடனுக்குக் கொடுக்கப்பட்டன. சர்வோதயத்தின் கடன் நிறுவனமான சீட்ஸ் இதில் முன்னின்றது. அதற்கு முன்னர் இக்குடும்பங்களிற் பல கார் பற்றறியைச் சந்திக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து தொலைக்காட்சி பார்த்தவை. சில ஆண்டுகளில் மின்கம்பி வந்த ஊர்களில் தொகுதிகள் தேவையற்றுப் போயின, தவணை மட்டும் மிச்சமிருந்தது. பங்களாதேசத்திலும் பிற்காலத்தில் இதுவே நடந்தது. எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி தகட்டின் விலை அல்ல. எமது ஊருக்கு மின்கம்பி எப்போது வரும் என்பதே. இதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறியலாம்.

இனித் தோட்டக் கிணற்றுக்கு வருவோம். எமது வாசகர்களிற் பலருக்கு இதுதான் தொழில்.

2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏற்றப்பட்டது. கடலுக்கும் வாவிக்கும் இயந்திரத் தோணியில் போகிறவர்களைப் போலவே கிணற்றில் நீர் இறைப்பவர்களும் அடிபட்டார்கள். கச்சான் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு போகத்தில் நாற்பது தடவை இறைப்பதாகவும், ஒரு தடவைக்கு இரண்டு லீற்றர் செல்வதாகவும் வைத்தால் மொத்தம் 80 லீற்றர். பழைய விலையில் அது 6,960 ரூபா, புதிய விலையில் 27,200 ரூபா. கச்சானின் விலையோ நாலு மடங்கு ஏறவில்லை. பின்னர் மண்ணெண்ணெய் விலை ஓரளவு இறங்கியது, ஆனால் 87 ரூபாவுக்குத் திரும்பவில்லை.

ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி ஏறத்தாழ 750 வாற் இழுக்கும். அதை வெயிலில் நேரடியாக ஓட்ட ஒரு கிலோவாற் அளவு தகடுகளும், பம்பிக்குரிய கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். பற்றறி வேண்டாம். இதுதான் இங்கே பெரிய இலாபம், ஏனெனில் தனித்தியங்கும் சூரியத் தொகுதியில் முதலில் சாகும் உறுப்பும் அடிக்கடி மாற்ற வேண்டிய உறுப்பும் பற்றறியே. வெயில் உள்ளபோது இறைத்து உயரத்தில் ஒரு தாங்கியை நிரப்பினால், அந்தத் தாங்கியே உங்கள் பற்றறி. கச்சான், மிளகாய், வெங்காயம் ஆகியவற்றுக்கு நீர் அதிகம் தேவைப்படும் மாதங்களும் வெயில் கூடிய மாதங்களும் ஒன்றாகவே இருப்பது எமது அதிர்ஷ்டம். கார்த்திகை, மார்கழி மழையில் தகடு குறைவாகத்தான் தரும். அப்போது தோட்டத்துக்கு இறைக்கும் தேவையும் குறைவு.

ஓர் எச்சரிக்கை. எண்ணெய் செலவானபோது நாம் அளந்து இறைத்தோம். வெயிலுக்குக் காசில்லை என்றதும் காலை முதல் மாலை வரை பம்பியை ஓடவிடும் ஆசை வரும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். கிணறு ஒருமுறை உவர்த்துவிட்டால் அது உங்கள் கிணற்றோடு நிற்காது, அயலவர் கிணற்றுக்கும் போகும். தாங்கி நிரம்பியதும் நிறுத்துவதை வழக்கமாக்குங்கள்.

மின்கம்பி உள்ள ஊரில் மா அரைக்கும் மில், தையல்கடை, பால் குளிரூட்டும் நிலையம், சிறு நெல் ஆலை நடத்துவோருக்குக் கணக்கு வேறு. இங்கே கூரைத் தகடுகள் மின்சார இணைப்போடு சேர்க்கப்படுகின்றன. 2010 இல் வந்த நெட் மீற்றரிங் முறையில், நீங்கள் மிகையாக உற்பத்தி செய்த அலகுகளுக்குக் காசு தரப்படவில்லை. அவை உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தில் மிகை அலகுக்குக் காசும் வந்தது: முதல் 7 ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15 ரூபா 50 சதம். அதன்பின் இந்த விலை பலமுறை மாறிவிட்டது. 2025 இல் புதிதாகச் சேர்வோருக்கான விலை குறைக்கப்பட்டது. ஆகவே முன்பு தகடு போட்டவர் பெறும் தொகையை வைத்து நீங்கள் கணக்குப் போடக்கூடாது. உங்களுக்கு உரியது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலையே.

இப்போது ஒரு மில்லின் கணக்கைப் போடுவோம். கீழ்வரும் விலைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் கணக்கில் உங்கள் விலைகளைப் போடுங்கள்.

ஐந்து குதிரைவலு மோட்டர் ஒன்று முழுச் சுமையில் மணிக்கு நாலு அலகுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். நாளொன்றுக்கு நாலு மணித்தியாலம், மாதம் 25 நாள் ஓடினால் ஏறத்தாழ 370 அலகு. எமது வெயிலில் ஒரு கிலோவாற் தகடு நாளுக்குச் சராசரியாக நாலு அலகு தரும் என எடுப்போம். 3 கிலோவாற் தொகுதி மாதத்துக்கு 360 அலகு தரும். அலகு 30 ரூபா என வைத்தால் மாதம் 10,800 ரூபா மிஞ்சும். தொகுதியின் விலை 6 இலட்சம் என வைப்போம். கைக்காசு போட்டவருக்கு நாலரை ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். தகடுகள் 25 ஆண்டளவு உழைக்கும் என்பதால் மிகுதி ஆண்டுகள் வருமானமே, இடையில் இன்வேற்றரை ஒருமுறையாவது மாற்றும் செலவு நீங்கலாக.

கடன் எடுத்தவருக்கோ படம் வேறு. 6 இலட்சத்தை ஆண்டுக்கு 12 வீத வட்டியில் 5 ஆண்டுத் தவணைக்கு எடுத்தால் மாதத் தவணை 13,350 ரூபா அளவில் வரும். மிஞ்சுவது 10,800 மட்டுமே. ஐந்து ஆண்டுகளுக்கு மாதாமாதம் 2,500 ரூபாவுக்கு மேல் வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதே கடன் 7 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 10,600 ரூபா. தகடு தன் கடனைத் தானே கட்டிக்கொள்ளும். மொத்தமாகக் கட்டும் வட்டி கூடுவது உண்மைதான். ஆயினும் அடுப்பெரிய வேண்டிய வீட்டுக்கு மாதத் தவணையே முக்கியம் என்பது எமது அபிப்பிராயம்.

இந்தக் கணக்கு எதில் ஆடும்? மின்கட்டணத்தில். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. 2024 இலும் 2025 ஜனவரியிலும் இறங்கி, 2025 யூனில் மீண்டும் 15 வீதம் ஏறியது. அலகு 25 ரூபாவுக்கு இறங்கினால் எமது மில்காரருக்கு மிஞ்சுவது 9,000 ரூபாதான். ஏறிய விலையில் மட்டும் கணக்குப் பார்த்துக் கடன் எடுத்தவர் இறங்கும்போது திண்டாடுவார். ஆதலால் இரண்டு விலைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இறங்கிய விலையிலும் தவணை கட்ட முடிந்தால் மட்டும் கையெழுத்து வையுங்கள்.

தேவைக்கு மேல் பெரிய தொகுதி போடச் சொல்பவர்களும் உண்டு. நீங்கள் வாங்காமல் விட்ட அலகு, உங்களுக்குக் கட்டணத்தில் மிஞ்சும். அதிகம் எரிப்போருக்கு மேலதிக அலகுகளின் விலை கூட என்பதால், அந்த விலை கூடிய அலகுகளே முதலில் குறையும். மிகையாக விற்கும் அலகோ ஒப்பந்த விலைக்குத்தான் போகும். கடைசிப் பன்னிரண்டு மாத மின்பட்டியல்களைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து, அந்தச் சராசரி அலகுக்கு அளவாகப் போடுவதே சிறு தொழிலுக்குப் பாதுகாப்பு.

பலர் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. மின்கம்பியோடு சேர்ந்த சாதாரணத் தொகுதி, கம்பியில் மின் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, கூரை நிறையத் தகடு வைத்திருந்தும் இருட்டில் இருந்தோர் உண்டு. பற்றறியும் அதற்கேற்ற இன்வேற்றரும் இருந்தால் இது நேராது, ஆனால் விலை வெகுவாகக் கூடும். மீன் குளிரூட்டும் பெட்டி வைத்திருப்பவருக்கு அது தேவைப்படலாம். மா அரைப்பவர் மின் வரும்வரை காத்திருக்கலாம். 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில், தேவை குறைந்து கம்பியில் மின் மிகுந்துபோகும் என்பதால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அத்தகைய நாட்களும் வரும் என்று கணக்கில் சிறிது இடம் விடுங்கள்.

இனி எமது வாசகர்களுக்கே உரிய கேள்வி: கூரை யாருடையது? 2007 இன் முற்பகுதியில் படுவான்கரையிலிருந்து மக்கள் வாவியைக் கடந்தபோது சைக்கிளும் தையல் இயந்திரமும் வந்தன. கிணறும் மில்லும் வரவில்லை. இன்றும் உறவினர் வளவிலோ, உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காணியிலோ இருக்கும் குடும்பங்கள் உண்டு. மின்கம்பியோடு சேர்க்கும் தொகுதிக்கு மின் இணைப்பு உள்ளவருடன்தான் ஒப்பந்தம். அதுவும் இருபது ஆண்டுக்கு. மாமாவின் பெயரில் மீற்றர், மருமகனின் பெயரில் கடன் என்றால், நாளை காணி பிரிக்கும்போது தகடு யாருக்கு, தவணை யாருக்கு? குடும்பத்துக்குள் கேட்கக் கூச்சமான கேள்வி இது. ஆனாலும் முதலிலேயே பேசி, இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

காணி உறுதியாகாதவர்களுக்கு எமது ஆலோசனை, கழற்றிக்கொண்டு போகக்கூடியதில் தொடங்குவதாகும். இரண்டு மூன்று தகடும் ஒரு பம்பியும் இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டால் ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறிவிடும். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து வாங்கித் தோட்டம் தோட்டமாக முறை வைக்கலாம். யார் கழுவுவது, பழுதானால் யார் பொறுப்பு, முறை தவறினால் என்ன என்பதை வாங்குமுன் முடிவு செய்யாவிட்டால் மழைக்குமுன் சண்டை வந்துவிடும்.

கடனைப் பற்றி எமது மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவைகளில் அரசு நிவாரணம் அறிவித்தபோது மட்டக்களப்பும் அதில் இருந்தது. வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும் கடனில் சூரியத் தகடு வாங்க வேண்டாம். கர்நாடகத்தில் 1995 முதல் இயங்கும் செல்கோ நிறுவனம், வாங்குபவரின் வருமானம் எப்போது வருகிறதோ அதற்கேற்பத் தவணையை அமைப்பதை முக்கியமாகக் கொண்டது. தினம் உழைப்பவருக்குச் சிறுகச் சிறுக, விவசாயிக்கு அறுவடைக்குப் பின். பெரும்போகம், சிறுபோகம் என்று ஆண்டுக்கு இருமுறை காசு காணும் எமக்கும் அப்படியொரு தவணையைத் தரும்படி வங்கியிடம் சங்கமாகச் சேர்ந்து கேட்கலாம்.

பூட்டும் வேலை பற்றிச் சுருக்கமாக. தென்னை நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் அதனோடு தொடரில் உள்ள மற்றத் தகடுகளின் மின்னும் குறையும். தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்வாக வைத்தால் மழையே தூசியைக் கழுவும். வாவிக் காற்றில் சாதாரண ஆணி துருப்பிடிக்கும், துருப்பிடியா உருக்கு ஆணியைக் கேட்டு வாங்குங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மூத்தோர் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். கூரை மரம் தாங்குமா என்று தகடு விற்பவரிடம் கேட்காமல் ஊர்த் தச்சரிடம் கேளுங்கள்.

சங்கக் கூட்டத்துக்கு வரும்போது மில், கடை நடத்துவோர் பன்னிரண்டு மின்பட்டியல்களையும், தோட்டக்காரர் கடந்த போகத்தில் வாங்கிய எண்ணெயின் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். விலை கூறுபவர்கள் இருவரிடமாவது எழுத்தில் விலை பெற்று, அதில் தகட்டின் உத்தரவாதமும் இன்வேற்றரின் உத்தரவாதமும் தனித்தனியே எத்தனை ஆண்டு, பழுதானால் மட்டக்களப்பிலேயே ஆள் உண்டா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டு எழுதுங்கள். பின் கணக்கைக் கரும்பலகையில் எல்லோரும் காணப் போடுங்கள், கூடிய விலையில் ஒருமுறை, இறங்கிய விலையில் ஒருமுறை.