எலுமிச்சையில் மின்சாரம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள யாழினி,

கோடை அறிவியல் முகாமில் சேர்ந்துவிட்டாயாம். முதல் பாடமே மின்சாரம் என்று உன் அம்மா சொன்னாள். எலுமிச்சை பேட்டரி கட்டாயம் செய்யச் சொல்வார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழத்தை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டு. உள்ளே சாறு விடும். ஒரு பக்கம் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணியையும் மறுபக்கம் உறை சீவிய செம்புக் கம்பியையும் குத்து. உள்ளே இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. மல்டிமீட்டர் ஏறக்குறைய 0.9 வோல்ட் காட்டும். ஒரு பழத்தின் ஆணியை அடுத்த பழத்தின் செம்போடு சேர்த்து நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால், சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். எரியாவிட்டால் கால்களை மாற்றிப் பார். நீளமான கால் செம்புப் பக்கம் வரவேண்டும். அதே பழங்களில் டார்ச் பல்பை மாட்டினால் எரியாது. அதற்குச் சுமார் 0.3 ஆம்பியர் தேவை. பழங்கள் தருவது அதில் நூறில் ஒரு பங்கு தேறினாலே அதிகம்.

எல்.இ.டி. எரிந்ததும் எல்லோரும் கைதட்டிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவார்கள். நீ போகாதே. இந்த மின்சாரம் பழத்திலிருந்து வந்ததா, உலோகத்திலிருந்து வந்ததா?

இதே மாதிரி ஒரு கேள்விக்காக இத்தாலியில் இரண்டு அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். செத்த தவளையின் கால், உலோகங்கள் பட்டதும் துடித்ததைக் கண்ட கால்வானி, மின்சாரம் தவளையின் உடம்பிலேயே இருக்கிறது என்று 1791இல் எழுதினார். இல்லை, வெவ்வேறான இரண்டு உலோகங்கள்தான் காரணம் என்றார் வோல்டா. வாதத்தோடு அவர் நிற்கவில்லை. தவளையையே விலக்கிவிட்டு, வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று அடுக்கி, 1800இல் தம் பேட்டரியை உலகுக்கு அறிவித்தார். எனக்கு அந்த 'விலக்கிப் பார்க்கும்' துணிச்சல்தான் ரொம்பப் பிடிக்கும்.

நீயும் பழத்தை விலக்கிப் பார். டம்ளரில் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், மோர் என்று மாற்றி மாற்றி ஊற்றி ஆணியையும் செம்பையும் வை, மீட்டர் அசையும். பிறகு பழத்துக்கே திரும்பி, இரண்டு பக்கமும் செம்பையே குத்து. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றுவிடும்.

அப்படியானால் வோல்டா ஜெயித்தார் என்று முடித்துவிடாதே. உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டாலே போதும் என்று அவர் நம்பினார், அது சரியல்ல. சில மணி நேரம் எரியவிட்டு ஆணியை உருவிப் பார். சாறு பட்ட இடம் பளபளப்பு இழந்து கறுத்திருக்கும். துத்தநாகம் கரைகிறது. அந்த வேதிவினையில் வெளிப்படும் ஆற்றல்தான் எல்.இ.டி.யில் ஒளியாகிறது. சாறு இல்லாமல் அந்த வினை நடக்காது.

உலோகம் கரைந்திருப்பதால் அந்தப் பழங்களைப் பிழிந்து ஜூஸ் போட்டுவிடாதீர்கள். சோதனை ருசி கண்டு வீட்டு பிளக்கில் கை வைக்கவும் கூடாது. அதில் வருவது 230 வோல்ட்.

மோருக்கும் புளிக்கும் என்ன அளவு வந்தது என்று எனக்கு எழுது. வோல்ட்டை மட்டும் எழுதாதே, மில்லி ஆம்பியரையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மாமா