பருவப் பெயரும் சுட்டும்

நுழையும்முன்

மொழிபெயர்ப்பில் பெரிய சொற்கள் நம்மை எளிதில் ஏமாற்றுவதில்லை. அவற்றுக்கு அகராதி துணைநிற்கும். பெயருக்கு முன் நிற்கும் சிறுசொற்களே பொருளை மாற்றிவிடுவன. ஆங்கிலப் பருவப் பெயர்களின் முன் வரும் ஆர்ட்டிகிள்களைத் தமிழில் எவ்வாறு உணர்த்துவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திங்களும் பருவமும்

ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்', 'தி' என்னும் மூன்றும் ஆர்ட்டிகிள் எனப்படும். முதலிரண்டும் வரையறுக்காமல் ஒன்றைக் குறிக்கும். 'தி' வரையறுத்துச் சுட்டும். திங்களின் பெயர்களை ஆங்கிலேயர் சிறப்புப்பெயர்களாகக் கொள்வர். ஆதலால் 'இன் ஜனவரி' என்பரேயன்றி 'இன் தி ஜனவரி' என்னார். பருவங்களின் பெயர்களோ பொதுப்பெயர்களைப் போன்று நடப்பவை. முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவதும் இல்லை. எனவே 'இன் வின்டர்', 'இன் தி வின்டர்' என்னும் இரு வழக்கும் சரியே. இலையுதிர்காலத்தை அமெரிக்கர் 'ஃபால்' என்று வழங்குவர். அச்சொல்லுடன் பெரும்பாலும் 'தி' சேர்ந்தே வரும். மழைப்பருவத்தைக் குறிக்கும் 'மான்சூன்' என்பதும் பொதுவாக 'தி' பெற்றே வழங்குகிறது.

வினைமுற்றே வழிகாட்டி

'தி' வந்த இடமெல்லாம் 'அந்த' என்று எழுதலாமா? பின்வரும் இரு தொடர்களை நோக்குக.

1. இன் தி வின்டர் தி லேக் ஃப்ரீசஸ்.
2. இன் தி வின்டர் தி லேக் ஃப்ரோஸ்.

இரண்டிலும் 'தி வின்டர்' என்றே உள்ளது. முதல் தொடர் ஆண்டுதோறும் நிகழும் இயல்பைக் கூறுகிறது; அதனைக் 'குளிர்காலத்தில் ஏரி உறையும்' எனல் வேண்டும். 'உறையும்' என்னும் வினைமுற்றே வழக்கத்தை உணர்த்திவிடுவதால் சுட்டு வேண்டியதில்லை. இரண்டாம் தொடர் முன்னர்ப் பேசப்பட்ட ஒரு குளிர்காலத்தைப் பற்றியதாயின், 'அந்தக் குளிர்காலத்தில் ஏரி உறைந்தது' எனச் சுட்டுடன் எழுதுக. ஆங்கிலத்தின் ஆர்ட்டிகிளை மட்டும் நோக்குபவர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவர். வினையையும் இடத்தையும் சேர்த்து நோக்குபவர் தவறவிடார்.

அடைமொழி முன்வரின்

பருவப் பெயர் அடைமொழி பெற்று, ஒருவகைப் பருவத்தைக் குறிக்கும்போது 'எ' அல்லது 'ஆன்' வரும். 'எ ஸ்பிரிங்' என்பது 'ஆன் எர்லி ஸ்பிரிங்' ஆகும். அடுத்து நிற்கும் சொல்லின் முதலொலி உயிராக இருப்பதே இம்மாற்றத்திற்குக் காரணம். தமிழிலும் இத்தகைய வழக்குண்டு. உயிர்முதல் மொழிக்கு முன் 'ஓர்' என்றும், மெய்யொலி முன்வரின் 'ஒரு' என்றும் எழுதுகிறோம்: ஓர் இளவேனில், ஒரு முதுவேனில். ஆயினும் 'எ' வந்த இடமெல்லாம் 'ஒரு' வரவேண்டும் என்பதில்லை. 'இட் வாஸ் எ ஹார்ட் வின்டர்' என்பதற்குக் 'குளிர்காலம் கடுமையாக இருந்தது' என்பதே தமிழ் மரபு.

கோடையில்லா ஆண்டு

1815ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. அது கக்கிய கந்தக வளிமங்கள் வளிமண்டலத்தின் உயரடுக்கில் நுண்துகள்களாகிப் பரவி, கதிரவன் ஒளியைத் தடுத்தன. அதன் விளைவாக 1816ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கோடை குளிர்ந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஜூன் திங்களில் பனி பொழிந்தது. பயிர்கள் பொய்த்தன, தானிய விலை உயர்ந்தது, எளிய மக்கள் பசியால் வாடினர். அக்கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த மேரி ஷெல்லி, மழையால் வீட்டினுள் அடைபட்டிருந்த நாள்களில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினத்தை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1818இல் வெளிவந்தது.

அவ்வாண்டை ஆங்கிலத்தில் 'தி இயர் விதவுட் எ சம்மர்' என்பர். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஒரு கோடை இல்லாத அந்த ஆண்டு' என எழுதினால், பல கோடைகளுள் ஒன்று மட்டும் வரவில்லை என்னும் பிழைபட்ட பொருள் தோன்றும். ஆங்கிலத்தின் 'எ' இங்கு 'ஒன்றுகூட இல்லை' என்னும் மறுப்பிற்குத் துணைநிற்கிறது. தமிழில் 'கோடையில்லா ஆண்டு' என்பதே போதும். மறுப்பை வலியுறுத்த வேண்டின், தேற்ற ஏகாரம் சேர்த்துக் 'கோடையே வாராத ஆண்டு' எனலாம். 'தி சம்மர் ஆஃப் 1816' என்பதை '1816ஆம் ஆண்டுக் கோடை' என்க. ஆண்டே எல்லை வகுத்துவிட்டதால் 'அந்த' என்பது மிகை.

சென்ற கோடையும் வரும் கோடையும்

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது மாணவர் தவறும் இடம் ஒன்று உண்டு. 'சென்ற கோடையில்' என்பதில் 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபு இருப்பதால், 'இன் லாஸ்ட் சம்மர்' என எழுதிவிடுகின்றனர். இன்றைய நாளிலிருந்து கணக்கிட்டுக் கூறும் 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்' என்பனவும், 'எவ்ரி' என்பதும் பருவப் பெயரின் முன் வரும்போது 'இன்' வாராது, ஆர்ட்டிகிளும் வாராது. 'லாஸ்ட் சம்மர்' என்பதே சரி. தமிழிலோ உருபு நீங்காது: சென்ற கோடையில், வரும் கோடையில், ஒவ்வொரு கோடையிலும்.

ஆர்ட்டிகிள் ஏற்கும் பணியைத் தமிழில் சுட்டும், எண்ணும், வேற்றுமை உருபும், ஏகாரமும், வினைமுற்றும் பகிர்ந்துகொள்கின்றன. எந்த ஆண்டின் பருவம், எத்தகைய பருவம், எல்லா ஆண்டுக்கும் பொதுவானதா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே எழுதுகோலை எடுத்தல் வேண்டும். விடை தெளிந்தால் தமிழ்த்தொடர் தானே அமையும்.

கற்பவை கற்றபின்

1. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளையும் 'ஒரு', 'ஓர்' சேர்த்து எழுதுக.
2. 'தி' வந்தும் தமிழில் 'அந்த' வேண்டாத தொடர்கள் மூன்றினை உங்கள் ஆங்கிலப் பாடநூலிலிருந்து எடுத்து மொழிபெயர்க்க.
3. 'கோடையில்லா ஆண்டு', 'கோடையே வாராத ஆண்டு' – பொருள் வேறுபாட்டை விளக்குக.