ரிலே: எங்கே போடணும், எங்கே கை வைக்கக் கூடாது

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள குச்சி சொருகி மோட்டார் ஓட்டுற ஆளா நீ? அப்போ இது முதல்ல உனக்குத்தான் தம்பி. மத்தவங்களும் உட்காருங்க. தோட்டத்துல தண்ணி பாய்ஞ்சுக்கிட்டு இருக்கும், தெரியும். சீக்கிரம் விட்டுடறேன்.

ரிலேங்கிறது பெரிய வித்தை இல்லை. ஒரு காயில், ஒரு இரும்புத் தகடு, ரெண்டு மூணு காண்டாக்ட், அவ்வளவுதான். காயிலுக்குச் சின்னக் கரண்ட் கொடுத்தா அது காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்து பெரிய கரண்ட் போற வழியைச் சேர்க்கும், இல்லேன்னா பிரிக்கும். 'டக்'னு கேக்கிற சத்தம் அதுதான். தந்திக் காலத்துலேர்ந்து இருக்கிற சாமான் இது. காயில் பக்கத்துக்கும் காண்டாக்ட் பக்கத்துக்கும் நடுவுல கம்பித் தொடர்பே கிடையாது. இதை மனசுல வச்சுக்கோ, பாதி உபயோகம் இதனாலதான்.

எங்கே போடணும்?

1. தண்ணிக்குள்ள வயர் இறங்குற இடத்துல. மாடித் தொட்டி ஃப்ளோட் சுவிட்சுல நேரா 230 வோல்ட் கொடுத்துத் தொங்க விடுறாங்க. வயர்ல ஒரு விரிசல் விட்டா தொட்டித் தண்ணியே ஷாக் அடிக்கும். ஃப்ளோட்டுக்கு 12 வோல்ட் கொடு, அது ஒரு ரிலே காயிலை இழுக்கட்டும், மிச்சத்தை ரிலே பாத்துக்கும். அந்த 12 வோல்ட் நல்ல அடாப்டர்லேர்ந்து வரணும், அதுல மட்டும் சிக்கனம் பாக்காதே.

2. சுவிட்சு தாங்காத லோடுக்கு. லோடு ஆட்டோவுல, டிராக்டர்ல 55 வாட் லைட் ரெண்டு மாட்டினா ஒன்பது ஆம்பியருக்கு மேல இழுக்கும். டேஷ்போர்டுல இருக்கிற குட்டிச் சுவிட்சு உருகிடும். நாலு கால் ரிலே வாங்கு. 85, 86 காயில். 30-ல பேட்டரி, 87-ல லைட். 87-ஏன்னு அஞ்சாவது கால் இருந்தா அதைத் தொடாதே, ரிலே சும்மா இருக்கும்போதுதான் அதுல கரண்ட் வரும். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்துலயே போடு. லைட்டுக்குப் பக்கத்துல போட்டா நடுவுல வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது வேடிக்கைதான் பாக்கும்.

3. காலேஜ் புராஜெக்ட் பண்ற தங்கச்சி, ஆர்டுயினோ பின்லேர்ந்து நேரா ரிலே காயிலுக்குக் கொடுக்காதே. 5 வோல்ட் குட்டி ரிலே 70 மில்லி ஆம்பியர் கேக்கும். அந்தப் பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் சுகம், 40 தாண்டினா போர்டு போச்சு. நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் போடு. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒண்ணைத் திருப்பி மாட்டு. காயிலை நிறுத்துற நொடியில அது திருப்பி உதைக்கும், அந்த உதையை டையோடுதான் வாங்கிக்கணும். ரெண்டு ரூபாய்க்குப் பாத்து டிரான்சிஸ்டரைக் கொல்லாதே.

எங்கே வேண்டாம்?

4. ஒரு பல்புக்கு, ஒரு ஃபேனுக்கு ரிலே எதுக்கு? சுவிட்சே போதும். சாமான் கூடினா கோளாறும் கூடும்.

5. மோட்டாருக்குக் குட்டி ரிலே வேண்டவே வேண்டாம். மேல 10 ஆம்பியர்னு போட்டிருக்கும், வீட்டு ஒரு ஹெச்.பி. மோட்டார் ஆறேழு ஆம்பியர்தானேன்னு கணக்குப் போடுவே. கிளம்பும்போது அது அஞ்சாறு மடங்கு இழுக்கும். காண்டாக்ட் பொறி பறந்து ஒட்டிக்கிச்சுன்னா ஃப்ளோட் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிக்காது, மாடி முழுக்க ஆறுதான். ரிலே, மோட்டாருக்குன்னே இருக்கிற பெரிய காண்டாக்டரை இழுக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை ஓட்டட்டும்.

6. சோலார் பேனல் டிசி லைன்ல சாதா ரிலே போடாதே. அதே ரிலே மேல பாரு: ஏசின்னா 250 வோல்ட், டிசின்னா வெறும் 30 வோல்ட். ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானா அணையும். டிசியில அந்த மூச்சு விடுற நேரமே இல்லை, பொறி நீண்டு எரியும்.

7. சத்தம் வராத சாலிட் ஸ்டேட் ரிலே நல்லதுதான். ஆனா 10 ஆம்பியர் ஓடினா பத்து வாட்டுக்கு மேல சூடாகும், பின்னாடி அலுமினியத் தகடு வேணும். கெட்டுப்போனா பெரும்பாலும் ஆன்லயே நின்னுடும், அதனால மெயின் சுவிட்ச் தனியா இருக்கட்டும்.

இனி ஸ்டார்ட்டர் பெட்டி. வைண்டிங் கடைக்கு வர்ற மோட்டார்ல எத்தனையோ, காவலுக்கு இருந்த ரிலேயை யாரோ ஓரங்கட்டினதாலதான் எரிஞ்சு வருது.

8. ஓவர்லோடு ரிலேயில ஒரு திருகு இருக்கும். மோட்டார் தகட்டுல என்ன ஆம்பியர் போட்டிருக்கோ அதுலதான் வைக்கணும். 5 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டாருன்னா சுமார் ஏழரை. "அடிக்கடி ட்ரிப் ஆகுது"ன்னு பன்னெண்டுக்குத் திருப்பி வைக்கிறது காய்ச்சல்காரனோட தெர்மாமீட்டரை உடைக்கிற கதை. பேரிங் இறுகியிருக்கா, பம்புல மண் அடைச்சிருக்கா, வோல்டேஜ் குறைவா, அதைப் பாரு. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்ல ரிலே வைண்டிங் வயர்ல இருந்தா தகட்டு ஆம்பியர்ல 58 சதவீதம் வை. 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7. இதுல தப்பு விடாத ஆளை நான் ரொம்பப் பாத்ததில்லை.

9. ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்துற சிங்கிள் பேஸ் பிரிவென்டரை நேர் பண்ணாதே. மூணு பேஸ்ல ஒண்ணு போச்சுன்னா மிச்ச ரெண்டுல கரண்ட் ஒன்றே முக்கால் மடங்கு வரைக்கும் ஏறும். ராத்திரி நீ தூங்குறே, ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுக்குது, வைண்டிங் கருகுது. காலையில ஈபியைத் திட்டி என்ன பிரயோஜனம்?

10. ட்ரிப் ஆனதும் ரீசெட்டை விடாம அமுக்காதே. உள்ளே வளைஞ்ச தகடு ஆறணும், கொஞ்ச நேரம் பொறு. ரீசெட் ஆட்டோல இருந்தா மேனுவலுக்கு மாத்து.

நம்ம கயத்தாறுப் பக்கம் கரண்ட் எடுக்கிற காத்தாடிகளும் ரிலே காவல்லதான் சுத்துது. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்துக்காகத்தான் இத்தனை காத்தாடி இங்கே. தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தோட சோதனை நிலையமே கயத்தாறுல இருக்கு. லைன்ல வோல்டேஜோ ஃப்ரீக்வென்சியோ தப்பினா ரிலே காத்தாடியைக் கழட்டி விட்டுடும். "கரண்ட் போனா மாடி சோலாரும் ஏன் நிக்குது, ஏமாத்திட்டாங்க"ன்னு புலம்புறவங்களே, கேளுங்க: செத்த லைன்னு நம்பிக் கம்பத்துல ஏறியிருக்கிற லைன்மேனுக்கு உங்க மாடியிலேர்ந்து கரண்ட் போகக் கூடாதுன்னுதான் அந்த ரிலே பிரிக்குது. ஜெனரேட்டரைப் பிளக் பாயிண்ட்ல சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏத்துற புத்திசாலிகளுக்கும் இதுதான் பதில். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர்ல எண்ணெய்க் குழாய் நடுவுல ஒரு ரிலே இருக்கும். ஜெர்மனியில மாக்ஸ் புக்ஹோல்ஸ்ங்கிறவர் 1921-ல கண்டுபிடிச்சது. உள்ளே கோளாறு வந்து எண்ணெயில வாயு கிளம்பினா மிதவை இறங்கி மணி அடிக்கும், முத்திப்போனா லைனையே பிரிக்கும். உன் மாடித் தொட்டி ஃப்ளோட் செய்யிற வேலைதான், விலை மட்டும் வேற.

பராமரிப்பு சுருக்கமா:

• மெயினை அணைச்சு, டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுப் பெட்டியைத் திற. பச்சைப் பட்டன் அமுக்கலேங்கிறதால கரண்ட் இல்லைன்னு ஆகாது.

• எறும்பு காண்டாக்ட் நடுவுல செத்துக் கிடந்தா மோட்டார் எடுக்காது. வயர் நுழையிற ஓட்டையை அடை. பல்லிக்கும் அதே வைத்தியம்.

• காண்டாக்ட் கருத்திருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. மேல இருக்கிறது வெள்ளிப் பூச்சு. கருப்பு இருந்தாலும் கரண்ட் போகும், வெள்ளி போனா போனதுதான். குழி விழுந்திருந்தா செட்டா மாத்து.

• காயில் உறுமினா ரெண்டு இரும்பு முகமும் சேருற இடத்துல தூசி. துணியால துடை. அப்பவும் உறுமினா வோல்டேஜைப் பாரு.

• முள்ளக்காடு, வேப்பலோடைப் பக்கம் உப்பளத்துல மோட்டார் ஓட்டுறவங்க மூடின ரிலேயா, ரப்பர் வார் வச்ச பெட்டியா வாங்குங்க. உப்புக் காத்து செம்புல பச்சை பிடிக்க வச்சிடும். கயத்தாறுல ஓடுற பெட்டி அங்கே அத்தனை நாள் தாங்காது.

• காயில் மாத்தும்போது பழசைக் கையோட கடைக்குக் கொண்டு போ. "5 ஹெச்.பி. ஸ்டார்ட்டர் காயில்"னு வாயால கேட்டா 240 கொடுப்பான், உன்னுது 415-ஆ இருக்கும். 415-ல 240 காயிலை மாட்டினா கொஞ்ச நேரத்துல புகை. 240-ல 415 காயிலை மாட்டினா இழுக்காம உறுமிக்கிட்டே கிடக்கும்.