குறைந்த சூட்டில் இளகும் கண்ணாடி

கண்ணாடி ஆராய்ச்சியில் இருந்தேன் என்று சொன்னால் மூக்குக்கண்ணாடிக் கடை என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் ஒரு மாணவர் மட்டும், "கண்ணாடியைக் குறைந்த சூட்டில் இளக வைத்தால் கரண்டுச் செலவு மிச்சம், வேறென்ன லாபம், ஸார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

ஊரிலிருந்து வரும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறி இறுகிய அந்தப் பாகும் ஒருவகைக் கண்ணாடிதான். பனிக்கட்டி போல ஒரே சூட்டில் உருகாது. மெல்ல மெல்ல இளகும். ஜன்னல் கண்ணாடியும் அப்படியே. ஆனால் அது இளகத் தொடங்கவே ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸ் வேண்டும். தூய சிலிக்கா உருகுவதற்கு 1700 டிகிரிக்கு மேல்.

சூட்டைக் குறைப்பதன் முக்கிய நோக்கம் கரண்டு அல்ல, அச்சு. கோள வடிவ வில்லையைத் தேய்த்து மெருகேற்றுவது எளிது. நடுவிலிருந்து ஓரம்வரை வளைவு மாறிக்கொண்டே போகும் வில்லையைத் தேய்ப்பதோ பெரும்பாடு. ஆனால் அத்தகைய வில்லை ஒன்று இரண்டு கோள வில்லைகளின் வேலையைச் செய்துவிடும். ஆகவே டங்ஸ்டன் கார்பைடில் அச்சு செய்து, நைட்ரஜன் வாயுச் சூழலில், இளகிய கண்ணாடியை அதில் அழுத்தி எடுக்கிறார்கள். கோடாக் நிறுவனம் 1982-ல் வெளியிட்ட டிஸ்க் கேமராவில் இப்படி எடுத்த வில்லை இருந்தது. சூடு கூடக்கூட அச்சின் மெருகு கெடும், கண்ணாடி அதில் ஒட்டிக்கொள்ளும். அச்சின் விலையோ கொஞ்சநஞ்சமல்ல.

இளகுநிலையை இறக்க முன்பு ஈய ஆக்ஸைடு கைகொடுத்தது. ஈயம் நஞ்சு என்பதால் அந்த வழி சுருங்கிவிட்டது. எஞ்சிய வழிகளில் முக்கியமானது பாஸ்பேட். சிலிக்கான் அணு நான்கு பக்கமும் கைகோத்து நிற்கும். பாஸ்பரஸ் மூன்று பக்கம்தான். அதோடு ஸோடியமும் துத்தநாகமும் சேர்த்தால் பின்னல் இன்னும் தளர்ந்து, 300 டிகிரி அளவிலேயே கண்ணாடி இளகத் தொடங்கும்.

தளர்ந்த பின்னலுக்குள் தண்ணீரும் எளிதாகப் புகும் என்பதுதான் சங்கடம். ஜெர்மனியில் ஜேனா நகரில் 1884-ல் ஆட்டோ ஷாட் முதலியோர் தொடங்கிய தொழிற்கூடத்திலேயே, ஆரம்பகாலப் பாஸ்பேட் கண்ணாடிகள் சில ஈரக்காற்றைத் தாங்காமல் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இதையெல்லாம் படித்திருந்தும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் இருந்தது கல்கத்தாவில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம். எட்டு மாத உழைப்பில் ஒரு ஸோடிய-துத்தநாகப் பாஸ்பேட் கண்ணாடி பளிங்குபோல் வந்தது. மூன்று வில்லைகளை மேஜைமீது திறந்தபடியே வைத்துவிட்டுப் பூஜை விடுமுறையில் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து தொட்டால் விரல் பிசுபிசுத்தது, மழைக்காலத்துக் கடலைமிட்டாயேதான். துடைத்தேன், வெண்படலம் போகவில்லை. அடுத்த வாரம் மேலதிகாரியிடம் காட்ட வேண்டிய வில்லைகள் அவை! அன்றிரவு வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

பிறகு அலுமினாவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினோம். அது பாஸ்பேட் சங்கிலிகளைக் குறுக்கே கட்டிப்போடும். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு துண்டை எடை பார்த்து, வெந்நீரில் ஒருநாள் போட்டு, உலர்த்தி மறுபடி எடை பார்ப்போம். எடை இழப்பு குறையக்குறைய இளகுநிலை ஏறியது. கடைசியில் ஏறத்தாழ 60 டிகிரியை விட்டுக்கொடுத்தோம். எனக்கு மனமில்லை, ஆனாலும் ஜன்னல் கண்ணாடியைவிட அது எவ்வளவோ கீழே. அந்த வார்ப்பின் வில்லை ஒன்று இன்றும் என் அலமாரியில் தெளிவாக இருக்கிறது.

பிசுபிசுத்த பழைய வில்லை ஒன்றை அந்த மாணவர் கேட்டு வாங்கிப்போனார். ஸிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.